துணி துவைக்கத் தெரியாத மகளுக்கு

அன்பு மகளுக்கு,

போனில் நீ அழவில்லை, ஜலதோஷம்தான் என்றாய். சரி, ஜலதோஷம் என்றே வைத்துக்கொள்வோம். அம்மா நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஆனால் போனில் இதையெல்லாம் கிளறினால் ஜலதோஷம் இன்னும் கூடும் என்பதால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் நீ நடுவில் புகுந்து "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்ல முடியாது.

தொண்டர்களை வெளிநாடுகளுக்கு அனுப்புகிற அமெரிக்க அரசின் பீஸ் கோரில் சேர்ந்து, பயிற்சிக்காக அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறாய். நீ சொன்னதில் ஒன்று மட்டும் மனதிலேயே நிற்கிறது. "உதவி செய்யத்தானே வந்தேன், இங்கே ஊரே எனக்கு உதவி செய்துகொண்டிருக்கிறது" என்றாய். அந்த வீட்டு அம்மா உன் கையிலிருந்த சட்டையை வாங்கி, காலர் மடிப்பை விரித்து, அங்கே ஒட்டியிருந்த அழுக்கை விரலால் தொட்டுக் காட்டி, மறுபடி சோப்புப் போட்டு முதலிலிருந்து கசக்கினாராம். அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்களாம். நாலு பேருக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கப் போகிற பெண்ணுக்குத் தன் சட்டையைத் துவைக்கத் தெரியவில்லையே என்று அவர்கள் நினைத்திருப்பார்கள் என்று உனக்குக் கூச்சம். நினைத்திருப்பார்கள்தான். மெஷினில் போட்டு எடுத்தே வளர்ந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்?

ஆனால் இந்த மூன்று மாதப் பயிற்சியும் அதற்குத்தானே கண்ணு? மொழியை மட்டும் கற்றுக்கொடுப்பதென்றால் எங்கே வைத்தும் கற்றுக்கொடுக்கலாம். பீஸ் கோர் 1961-ல் ஆரம்பித்த காலத்தில் பெரும்பாலும் அமெரிக்காவிலேயே, பல்கலைக்கழகங்களில் வைத்துப் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏற்றினார்கள். இப்போது போகிற நாட்டிலேயே ஒரு குடும்பத்தோடு தங்கவைக்கிறார்கள். காலையில் நாலைந்து பேர் ஒரு ஆசிரியரைச் சுற்றி உட்கார்ந்து படிக்கிற இலக்கணம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாதி போய்விடுகிறது என்று நீயே சொல்கிறாய். சாயங்காலம் அந்த வீட்டுப் பொடியன் கரண்டியைத் தூக்கிக் காட்டுகிறான், நீ ஏதோ உளறுகிறாய், அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மறுபடி சொல்லச் சொல்கிறான். அந்த வார்த்தை இனிமேல் உனக்கு மறக்காது. அவனுக்கு ரொம்பப் பொறுமை என்று நினைத்துவிடாதே. தப்புத் தப்பாகப் பேசுகிற பெரிய மனுஷி ஒருத்தி கையில் கிடைத்தால் எந்தப் பொடியன் விடுவான்? பயிற்சி முடியும்போது பரீட்சை எடுப்பவர் உன் எதிரில் உட்கார்ந்து சும்மா பேச்சுக் கொடுப்பார் அல்லவா, அங்கே உன்னைக் கரை சேர்ப்பது அவன்தான்.

பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் வரை நீ வெறும் டிரெய்னி. உன்னை இன்னும் வாலன்டியர் என்றே சொல்ல மாட்டார்கள். அதற்குப் பிறகு முழுசாக இரண்டு வருஷம் இருக்கிறது, உதவி செய்ய. அப்போதும் நீ என்ன செய்து கிழிக்கப் போகிறாய் என்பது வேறு கதை, போய்ப் பார்த்தால்தான் தெரியும். இப்போது உனக்கு இருக்கிற ஒரே வேலை, மற்றவர்கள் செய்வதை வாங்கிக்கொள்வது. நம் வீட்டில் யாருக்கும் அது சுலபமாக வராது. காப்பி கொடுத்தால்கூட உடனே எழுந்துபோய் டம்ளரைக் கழுவி வைக்கிற ஜாதி நாம். கடனை உடனே தீர்த்துவிடுகிற அவசரத்தோடு அங்கே இருக்காதே. உனக்கு ஆகும் செலவுக்குப் பீஸ் கோர் அந்தக் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கிறது, அதனால் பாரமாக இருக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சி வேண்டாம். அதற்காக, பணம் கொடுத்துத் தங்கியிருப்பவள் மாதிரி சாப்பிட்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவும் கூடாது.

கதவு விஷயம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எட்டு மணிக்கு மேல் அந்த மொழியில் ஒரு வார்த்தை காதில் விழுந்தாலும் எரிச்சலாக வருகிறது என்றாய். வரத்தான் செய்யும். நாள் முழுக்க ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் கட்டிக் கட்டிப் பேசினால் களைப்பு வராமல் என்ன செய்யும்? அப்போது அறைக்குப் போ, தப்பே இல்லை. சொல்லிவிட்டுப் போ, அவ்வளவுதான். தலைவலி என்று மட்டும் சொல்லிவைக்காதே, வீட்டில் இருக்கிற கைவைத்தியம் அத்தனையும் உன் தலையில்தான் வந்து இறங்கும். சாப்பாட்டை மனம் நோகாமல் வேண்டாம் என்று சொல்வது எப்படி என்பதை உன் மொழி ஆசிரியரிடம் கேள். பாடப் புத்தகத்தில் இல்லாததைக் கேட்டால் அவருக்கும் உற்சாகமாக இருக்கும்.

வகுப்பு இருக்கிற இடம் வரைக்கும் அந்த அம்மா கூடவே வந்து விட்டுவிட்டுப் போகிறார் என்று சலித்துக்கொண்டாய். அவர் நிலையில் நின்று பார். எங்கிருந்தோ வந்த பெண், வழி தெரியாது, பேச்சு தெரியாது. உனக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தத் தெருவே அவரைத்தான் கேட்கும். அவரை ஓரிரு வாரம் வரவிடு. வழியில் எதிர்ப்படுகிறவர்களிடம் நின்று, இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று சொல்லிக்கொண்டே வருகிறார் என்றாயே, அதற்குப் பிறகு நீ தனியாக நடந்தாலும் அந்தத் தெருவுக்கு நீ யார் என்று தெரிந்திருக்கும். வேறு ஊரில் இரவு தங்கினால் பீஸ் கோர் ஆபீஸில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது என்கிற விதிகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அம்மாவுக்கு அவற்றைப் படித்ததும்தான் தூக்கமே வந்தது.

உடம்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வயிறு சரியில்லை என்றால், சமைத்தவர் மனம் கஷ்டப்படுமே என்று மறைக்காதே. தண்ணீரைக் கொதிக்கவைத்து, வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு என்றால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைத்துக் குடி, டாக்டருக்கும் போன் பண்ணு. அதற்கென்றே அங்கே ஆள் வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாவிடமும் சொல். எந்த அம்மாவும் உடம்பு முடியாத பிள்ளையைக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம், அம்மாவுக்கு நான் லில்லியன் கார்ட்டர் கதையைச் சொன்னேன். ஜிம்மி கார்ட்டரின் தாயார். மகன் அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜெயிப்பதற்குப் பத்து வருஷம் முன்னால், 1966-ல், 68 வயதில் பீஸ் கோரில் சேர்ந்து நம் நாட்டுக்கு வந்தவர். பம்பாய் பக்கம் விக்ரோலியில் நர்ஸாக வேலை பார்த்தார். அங்கே அம்மா கிளம்பிப் போய்விட்டார், பிள்ளைகள் தபாலுக்குக் காத்திருந்தார்கள். நமக்குத் தலைகீழ். இதைக் கேட்டு உன் அம்மா ஆறுதல் அடைவாள் என்று பார்த்தால், "அப்போ எனக்கும் வயசு இருக்கு" என்கிறாள். ஜாக்கிரதை.

போன் பற்றி நாங்கள் பேசி முடிவு செய்துவிட்டோம். தினமும் சாயங்காலம் கூப்பிட வேண்டாம். நீ எங்களோடு பேசிக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில்தான் அந்த வீட்டில் எல்லோரும் வேலை முடிந்து ஒன்றாக உட்காருகிறார்கள். நீ ஒரு மூலையில் போனோடு நின்று கண்ணைத் துடைத்தால், நாம் என்ன குறை வைத்தோம் என்றுதான் அந்த அம்மா யோசித்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, போதும். நடுவில் தாங்க முடியவில்லை என்றால் எந்த நேரத்திலும் கூப்பிடலாம், அது இந்தக் கணக்கில் வராது. அம்மா இதற்குச் சம்மதிக்க ஒரு வாரம் ஆனது.

உன்னைப் பெற்றவர்கள் எப்படி இருப்பார்கள் என்று அந்த வீட்டு அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாராமே. போனில் காட்டினால் ஒரு நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடுவார்கள், அதனால் படங்களைப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நீ முன்பல் இல்லாமல் நிற்கிற படமும் அதில் இருக்கிறது. பொடியனிடம் அதை முதலில் காட்டு. அவனுக்கு ஏதாவது வாங்கி அனுப்ப வேண்டும் என்று அம்மா துடிக்கிறாள். பக்கத்து வீடுகளிலும் உன் கூடப் படிக்கிறவர்கள் தங்கியிருக்கிறார்கள், அங்கே இருக்கிற பிள்ளைகள் ஏங்கிப்போகும், பெரிதாக எதுவும் வேண்டாம் என்று நான் தடுத்து வைத்திருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடுகிற மாதிரி ஒரு பந்து போதுமா, வேறு ஏதாவதா? ஞாயிற்றுக்கிழமை சொல்.

அப்பா