களஞ்சியத்தை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் மேனர் வீடுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கென்ட் பகுதியில் உள்ள இக்தம் மோட் வீட்டைப் பற்றி எழுதியிருந்த விதம் மனத்தை நிறைத்தது. ஆனால் கட்டுரை நெடுக அதை ‘அரண்மனை’ என்றே குறிப்பிட்டிருப்பது உறுத்துகிறது. மேனர் என்பது முதலில் ஒரு நிலவுடைமையின் பெயர். நிலம், அதில் உழைத்த குடியானவர்கள், அவர்களது வழக்குகளைத் தீர்த்த நிலக்கிழாரின் மன்றம், விளைச்சல் வந்து சேரும் களஞ்சியம் எல்லாம் சேர்ந்ததுதான் மேனர். வீடு அதில் ஓர் அங்கம் மட்டுமே.

இக்தம் மோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த பெருங்கூடம்தான் அதன் கரு. பின்வந்த தலைமுறைகள் வீட்டைச் சூழ்ந்த அகழிக்குள் கிடைத்த இடத்தில் ஒவ்வொரு பக்கமாகக் கட்டி முற்றத்தை அடைத்தன. கல், செங்கல், மரச்சட்டம் மூன்றும் ஒரே வீட்டில் கலந்து நிற்பது அதனால்தான். 1989 முதல் 2004 வரை பெரும்பகுதியைப் பிரித்து, எப்படிக் கட்டினார்கள் என்று பதிவுசெய்து, மீண்டும் பூட்டினார்கள். ஓக் மரத்தைக் குடைந்திருந்த வண்டுகளின் சேதம் அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. முற்றத்தில் நிற்கும் பெரிய நாய்க்கூண்டுக்குக் கட்டுரையில் ஒரு படமாவது போட்டிருக்கலாம்!

என் உண்மையான ஆதங்கம், களஞ்சியம், லாயம் போன்ற புறக்கட்டடங்களைக் கட்டுரை விட்டுவிட்டதைப் பற்றியது. மாளிகைகளைச் சொத்துக்காரர்கள் காலத்துக்கேற்ப மாற்றிக் கட்டினார்கள். ஜன்னல் மாறியது, படிக்கட்டு மாறியது. களஞ்சியத்தை அப்படி மாற்ற யாருக்கும் தேவை வரவில்லை. ஆகவே இடைக்காலத் தச்சனின் கையை நேராகப் பார்க்க விரும்புகிறவர் அங்கேதான் போக வேண்டும்.

ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகில் ஹார்மண்ட்ஸ்வொர்த் என்ற கிராமம் இருக்கிறது. அங்கிருந்த மேனர் அந்தக் காலத்தில் வின்செஸ்டர் கல்லூரி என்ற பள்ளிக்குச் சொந்தமாக இருந்தது. அந்த மேனருக்காக 1426-இல் கட்டிய களஞ்சியம் இன்றும் நிற்கிறது. நீளம் ஏறக்குறைய 58 மீட்டர். லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது போய்ப் பார்த்தேன். கட்டடப் பொறியாளராகப் பல கூரைகளுக்குக் கணக்குப் போட்டவன் நான்; அதன் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தவுடன் பேச்சு வரவில்லை. இரு வரிசையாக ஓக் தூண்கள், நடுவே அகன்ற பாதை, இருபுறமும் குறுகிய பக்கப் பாதைகள்: பெரிய தேவாலயத்தின் அமைப்பேதான். தூணுக்கடியில் கல் வைத்து மண்ணின் ஈரம் மரத்தில் ஏறாமல் தடுத்திருக்கிறார்கள். உத்திரத்தைத் தூணோடு இணைப்பது மரமுளை. மரத்தின் பெரும்பகுதி அன்று வைத்ததேதான்.

மழை நாடு அது. களத்தைக் கூரைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த நாட்டுக் களஞ்சியங்களில் வண்டி நுழையும் உயரத்துக்குப் பெரிய கதவுகள் இருக்கும். எதிரெதிரே கதவுகள் உள்ள இடங்களில் இரண்டையும் திறந்துவிட்டால் காற்று ஊடே பாயும். அந்த இடத்தில்தான் கதிரடிப்பு, அந்தக் காற்றில்தான் தூற்றல். எலி ஏறாதிருக்கத் தானிய அறையைக் காளான் வடிவக் கற்களின் மேல் தூக்கி நிறுத்துவதும் பல பண்ணைகளில் உண்டு. இவற்றை அலங்காரமில்லாத கட்டடங்கள் என்று ஒதுக்குவது சரியல்ல. ஒவ்வோர் அளவுக்கும் அங்கே ஒரு காரணம் இருக்கிறது.

ஹார்மண்ட்ஸ்வொர்த் களஞ்சியம் பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிச் சிதைந்து கிடந்தது. பழங்கட்டடங்களைப் பேணும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு அதை வாங்கிய விலை வெறும் 20,000 பவுண்டு. இக்தம் மோட்டைச் சீரமைக்க ஆன செலவோ ஒரு கோடி பவுண்டுக்கும் மேல். மாளிகைக்குச் செலவழித்தது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஹீத்ரோவின் மூன்றாவது ஓடுபாதைத் திட்டம் அந்தக் கிராமத்தின் பெரும்பகுதியை விழுங்கக்கூடியது என்பதை நினைக்கும்போது மனம் பதைக்கிறது.

கட்டுரையாளர் இரண்டாம் பகுதி எழுதுவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் களஞ்சியத்துக்கும் லாயத்துக்கும் புறாக்கூட்டுக்கும் இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள். ஹார்மண்ட்ஸ்வொர்த்தின் உட்கூரைப் படங்கள் என்னிடம் பதினைந்துக்கு மேல் இருக்கின்றன. கேட்டால் உடனே அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
திருச்சி.