சாமையை மலையிலேயே குத்த வழி செய்யுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழில் வரும் சிறுதானியச் சமையல் குறிப்புகளை விடாமல் படிக்கிறேன். சாமைப் பொங்கல், சாமை உப்புமா எல்லாம் வந்துவிட்டன. அந்தச் சாமை எப்படி அரிசியாகிறது என்பதையும் யாராவது எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

ஜவ்வாதுமலையில் மானாவாரியாகச் சாமை விதைக்கும் குடும்பம் எங்களுடையது. கேழ்வரகு என்றால் தூற்றிப் புடைத்து அப்படியே மாவாக்கிவிடலாம். சாமையின் உமி வழுவழுப்பாக தானியத்தை இறுகப் பிடித்திருக்கும். என் மாமியார் அதை வெயிலில் காயவைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்திப் புடைத்து, கடைசியில் கல் அரித்து உலையில் போடுவார். நாலு பேர் சாப்பாட்டுக்கு அரை நாள் போய்விடும். ரேஷன் அரிசி வந்த பிறகு எந்தப் பெண் உலக்கையைத் தொடுவாள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது உமியோடு மூட்டை கட்டி, வியாபாரி சொன்ன விலைக்கே மலையிலிருந்து கீழே அனுப்புகிறோம். அது நகரத்து ஆலையில் தவிடு போகத் தீட்டப்பட்டு, வெள்ளை வெளேரென்று பாக்கெட்டில் வருகிறது. சத்தில் ஒரு பகுதி அந்தத் தவிட்டோடு போய்விடுகிறது. ஆலைக்காரரையும் குற்றம் சொல்ல முடியாது. தவிடோடு உள்ள சாமையரிசி நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். உமியோடு இருந்தாலோ வருஷக்கணக்கில் கெடாது. வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் உமி நீக்கிச் சாப்பிட வேண்டிய தானியம் இது. அதற்கு இயந்திரம் ஊருக்குள் இருக்க வேண்டும். பக்கத்து ஊர் மகளிர் குழுவுக்கு ஒன்று வந்தது. சல்லடை கிழிந்தது, மாற்றுச் சல்லடை கிடைக்கவில்லை. இன்று அதன்மேல் கோழி அடைகிறது.

2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள், நல்ல காரியம். கேழ்வரகுக்கு மத்திய அரசின் ஆதரவு விலையும் உண்டு. சாமை, வரகு, குதிரைவாலி அந்தப் பட்டியலிலேயே இல்லை. புது ரகங்கள் தர எங்கள் மாவட்டத்து அத்தியந்தலில் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. விளைந்ததை என்ன செய்வது என்பதில்தான் தவிக்கிறோம்.

நாலைந்து ஊருக்கு ஒரு இயந்திரம், அதைப் பழுதுபார்க்கப் பழக்கிய உள்ளூர்ப் பிள்ளைகள் இருவர், இங்கே குத்திய சாமையை இங்குள்ள அங்கன்வாடிகளுக்கே வாங்க ஒரு உத்தரவு. வரும் அறுவடைக்குள் அந்தச் சல்லடையாவது வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜவ்வாதுமலை, திருவண்ணாமலை மாவட்டம்