விட்டதுக்கு என்ன பயன் என்று கேட்டாயே

அன்பு மகளுக்கு,

போன வாரம் ஃபோனில் நீ கேட்டதற்கு என்னால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசினால் இரைக்கிறது, அதனால் எழுதுகிறேன். "சிகரெட்டை விட்ட பிறகும் உள்ளே சேதம் நிற்காதாம்ப்பா. அப்போ நீங்க விட்டதுக்கு என்னதான் பயன்?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு அழுதாய்.

நீ படித்தது பொய்யில்லை. ஓர் ஆய்வுக்காக நானும் மூச்சைக் கொடுத்துவிட்டு வந்தவன்தான். மூக்கில் கிளிப் போட்டு, குளிரூட்டிய குழாய்க்குள் 10 நிமிடம் சாதாரணமாக மூச்சு விடச் சொன்னார்கள். எச்சில் ஊறினால் விழுங்கிவிட வேண்டும். முடிவில் அடியில் சேர்ந்தது ஒன்றிரண்டு மில்லி தண்ணீர். நிறமே இல்லை. இத்தனை வருடப் புகைக்கு இவ்வளவு தெளிந்த நீரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கெட்டுவிடும் என்று அதை உடனே உறைய வைத்தார்கள்.

அதில் அவர்கள் தேடுவது நுரையீரலுக்குள் நடக்கும் சேதத்தைக் காட்டிக்கொடுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, 8-ஐசோப்ரோஸ்டேன் போன்ற பொருட்களை. சிகரெட்டை ஒரு தடவை இழுத்தால் ஃப்ரீ ரேடிக்கல் என்ற, தொட்டதைச் சிதைக்கும் நுண்துகள்கள் 10 கோடி கோடி உள்ளே போகின்றன என்பது ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. அவை செல்களின் மேலுறையில் உள்ள கொழுப்பைத் தாக்கும்போது உண்டாவதுதான் ஐசோப்ரோஸ்டேன். புகை நின்றாலும், அதை எதிர்க்க வந்து கூடிய வெள்ளணுக்கள் கலைவதில்லை. அவையே பெராக்சைடைக் கக்கிக்கொண்டிருக்கின்றன. 2000-இல் வந்த ஓர் ஆய்வில், நுரையீரல் அடைப்பு நோய் வந்தவர்களில் இன்னும் புகைப்பவர்களுக்கும் விட்டவர்களுக்கும் ஐசோப்ரோஸ்டேன் ஏறக்குறைய ஒரே அளவு. உன்னை அழ வைத்தது இதுதான். முதலில் கேட்டபோது எனக்கும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என் அளவு என்ன என்று கேட்டாய். அதை அவர்கள் சொல்லவில்லை, சொல்லாததுதான் சரி. அந்த நீரில் மிகப் பெரும்பகுதி வெறும் ஆவி. நுரையீரலின் ஈரத்திலிருந்து வரும் துளி மிகச் சொற்பம், அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாக நீர்த்துப்போகும். ஐசோப்ரோஸ்டேனை பிகோகிராமில் அளக்கிறார்கள், ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஆய்வுக்கூடம் மாறினால் எண்ணும் மாறுகிறது. நூறு பேரின் சராசரியை வைத்து நோயைப் புரிந்துகொள்ளலாம், ஒரு ஆளுக்கு மருந்து எழுத முடியாது.

ஃப்ரீ ரேடிக்கலை அடக்கும் என்று நீ அனுப்புவதாகச் சொன்ன ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையை அனுப்பாதேம்மா. அந்த வகை மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை தினம் 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது மூச்சில் பெராக்சைடு குறைந்தது உண்மை. ஆனால் 523 நோயாளிகளுக்கு அதே அளவை 3 வருடம் கொடுத்துப் பார்த்து 2005-இல் வெளியிட்டார்கள். நுரையீரல் தேயும் வேகம் குறையவே இல்லை. மூச்சில் ஓர் எண் இறங்கிவிட்டால் நுரையீரல் பிழைத்தது என்று ஆகாது. அந்த எண் இறங்காததால் நான் விட்டது வீண் என்றும் ஆகாது, கண்ணு.

டாக்டர் என்னை வருடா வருடம் ஊதச் சொல்கிறாரே, அதில் முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் லேசான அடைப்பு இருந்த 5,887 புகைப்பவர்களைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 11 வருடம் கழித்துப் பார்த்தபோது, தொடர்ந்து புகைத்த ஆண்களுக்கு அந்த அளவு வருடத்துக்குச் சுமார் 66 மில்லி குறைந்திருந்தது. ஆரம்பத்திலேயே விட்டுவிட்ட ஆண்களுக்குச் சுமார் 30. பத்து வருடத்தில் இந்த வித்தியாசம் மட்டும் 360 மில்லி. மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறுவதும், நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதும் அந்த 360 மில்லியில் இருக்கலாம்.

இழந்தது திரும்பி வராது, அது எனக்குத் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் தொட்டில் இருந்த அறை வாசலிலேயே நின்று சிகரெட் பிடித்திருக்கிறேன். இதை உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த மாதம் மறுபடி ஊத வேண்டும். தாள் கைக்கு வந்த அன்றே படம் எடுத்து அனுப்புகிறேன். போன வருடத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்.

அன்புடன்,
அப்பா