கேஸ் மீட்டர், மூச்சுக் கருவி சர்வீஸ் குறித்த புகார்

அனுப்புநர்: சீஃப் ஆபீசர், நிலக்கரிக் கப்பல், தூத்துக்குடி
பெறுநர்: மேலாளர், பாதுகாப்புக் கருவிகள் சர்வீஸ் பிரிவு

ஐயா,

வணக்கம். சென்ற மாதம் 9ஆம் தேதி எங்கள் கப்பலின் நான்கு கேஸ் மீட்டர்களையும் (காற்றில் ஆக்சிஜன் அளவைக் காட்டுபவை) தீயணைக்கப் போகிறவர் முதுகில் மாட்டும் இரண்டு மூச்சுக் கருவிகளையும் உங்கள் ஆட்கள் சர்வீசுக்கு எடுத்துப் போனார்கள். 12ஆம் தேதி, கப்பல் கிளம்பும் நேரத்தில் திருப்பித் தந்தார்கள். எல்லாவற்றிலும் புது ஸ்டிக்கர், கையில் சர்டிபிகேட்.

பாராதீப்பில் நிலக்கரி ஏற்றித் திரும்பும் வழியில், ஹோல்டை (சரக்கு அறையை) ஒட்டிய ஏணி அறைக்குள் இறங்க வேண்டிய வேலை வந்தது. மூடிய இடத்தில் நிலக்கரி ஆக்சிஜனை எப்படித் தின்னும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்த போசன் (டெக் ஆட்களின் தலைவர்), "20.9 காட்டுது சார், இறங்கட்டுமா?" என்றார். 20.9 சதவீதம் என்றால் வெளிக்காற்றில் இருக்கும் அதே ஆக்சிஜன். எனக்கு ஏதோ உறுத்தியது. மீட்டரை வாங்கி, சென்சார் மேல் மூச்சை நன்றாக ஊதினேன். நாம் விடும் மூச்சில் ஆக்சிஜன் 16, 17 சதவீதம்தான், 19.5க்குக் கீழே போனாலே அலாரம் கத்த வேண்டும். மீட்டர் அசையாமல் 20.9இலேயே நின்றது. இன்னொன்றை எடுத்து ஊதினேன், அதுவும் அப்படியே.

மூடியைக் கழற்றினால், வடிகட்டி முழுக்கப் பழைய நிலக்கரித் தூசி அப்பிக் கிடக்கிறது. எங்களிடம் இருந்த புது வடிகட்டியைப் போட்டு மறுபடி ஊதியதும் இரண்டு மீட்டரும் ஒழுங்காகக் கத்தின. அப்படியென்றால் உங்கள் பட்டறையில் இவற்றை யாரும் திறக்கவே இல்லை. அடைத்துக் கிடக்கும் மீட்டருக்குக் காலிபரேஷன் (அளவு சரிபார்த்துத் திருத்துவது) எப்படிச் செய்தீர்கள்?

அப்புறம் மூச்சுக் கருவிகள். 300 பார் அழுத்தத்துக்கு நிரப்ப வேண்டிய 6 லிட்டர் சிலிண்டர் ஒன்றில் 190 பார்தான் இருந்தது. கணக்குப் போட்டால் 1140 லிட்டர் காற்று. விதி கேட்பதோ குறைந்தது 1200. தீக்குள் போகிறவனுக்கு அந்த 60 லிட்டர் ஒன்றரை நிமிட மூச்சு. கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தோம், இல்லை. நிரப்பும்போதே குறைத்து நிரப்பியிருக்கிறீர்கள். சர்டிபிகேட்டில் மட்டும் 300.

எங்களுக்கு வேண்டியது இதுதான். கப்பல் வெள்ளிக்கிழமை வரை துறைமுகத்தில் நிற்கும். அதற்குள் ஆள் அனுப்பி நான்கு மீட்டர்களையும் என் கண்ணெதிரே காலிபரேஷன் செய்து தர வேண்டும். சோதனை வாயு சிலிண்டரோடு வரட்டும். மூச்சுக் கருவி சிலிண்டர்களையும் முழுதாக நிரப்பித் தாருங்கள். பழைய சர்டிபிகேட்களை ரத்து செய்து எழுத்தில் கொடுங்கள். அதுவரை உங்கள் பில்லுக்குப் பணம் கிடையாது.

கழற்றிய வடிகட்டிகளைத் தேதி எழுதிப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

இப்படிக்கு,
சீஃப் ஆபீசர்