தூக்குவாளி கொடுத்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் கடலோரமாகவே சைக்கிள் மிதித்துப் போய்விட்டு, முந்தாநாள் ரயிலில் வீடு வந்து சேர்ந்தோம். நடுவில் தனுஷ்கோடிக்கும் ஒரு எட்டு போய்வந்ததில் 900 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது. 17 நாள். நானும் இவரும் மட்டும்தான், இரண்டு பேருக்கும் 50 தாண்டியாச்சு. ஏப்ரலில் போகாதே என்று சொல்லாத ஆளில்லை. இவருக்கு லீவு அப்போதுதான் கிடைத்தது, கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து நன்றி சொல்லலாம் என்று உட்கார்ந்தால், உதவி செய்த ஒருத்தர் பெயரும் தெரியவில்லை. "எந்த ஊரு, எதுக்கு இந்த வெயில்ல" என்று நீங்கள்தான் கேட்டீர்கள், நாங்கள் பதில் சொன்னோம். திருப்பிக் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. அதனால் ஆளை அடையாளம் சொல்லி எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்தவர் மாதிரி இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

தரங்கம்பாடியில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஐயாவுக்கு முதல் நன்றி. டேனிஷ்காரர் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பின எங்களை நிறுத்தி, "சோழகக் காத்து எடுத்துருச்சு, இப்ப தெக்க பாத்து மிதிச்சா சைக்கிள் பின்னாடிதான் போவும்" என்றீர்கள். அதுவரைக்கும் நாங்கள் எங்கள் முட்டியைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். மறுநாளிலிருந்து விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்பி, பத்து மணிக்கு எங்கேயாவது நிழலில் ஒதுங்கிவிடுவது என்று ஆயிற்று. இல்லாவிட்டால் நாகப்பட்டினத்தோடு பஸ் ஏறியிருப்போம்.

வேதாரண்யத்தில் உப்பள வேலை முடித்துக் கரையேறிக்கொண்டிருந்த அக்காமார்களே, 1930-ல் ராஜாஜி வந்து உப்பு அள்ளின இடத்தைப் பார்க்கத்தான் அந்தப் பக்கம் வந்தோம். உங்களில் ஒருத்தர் இவருடைய சட்டையைப் பார்த்துவிட்டு, "எங்க பாத்தியவிட உங்க சட்டையிலதான் நல்லா வெளைஞ்சிருக்கு" என்றீர்கள். முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. எல்லோரும் சிரித்தோம். சிரித்ததோடு விட்டதுதான் தப்பு.

வேதாரண்யத்திலிருந்து கிளம்பின மூன்றாம் நாள், கோட்டைப்பட்டினம் தாண்டி மீமிசலுக்கு முன்னால், ஒன்பதரை மணி இருக்கும். இவர் சைக்கிளை நிறுத்தினார். தலை வலிக்கிறது என்றார். கையைப் பிடித்தால், அந்த வெயிலில் புல்லரித்துப் போயிருந்தது. "வீட்டுச் சாவியை எடுத்தியா" என்று கேட்டார். எடுத்தேன் என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. காலையிலிருந்து ஐந்தாறு லிட்டர் தண்ணீர் குடித்திருந்தார், பிறகு எப்படி இப்படி ஆகும் என்று ஒன்றும் புரியவில்லை.

அக்கா, புளியமரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நீங்கள், நான் கூப்பிடாமலே ஓடிவந்தீர்கள். முந்தானையை நனைத்து இவர் கழுத்தில் சுற்றிவிட்டு, தூக்குவாளியைத் திறந்து அதிலிருந்த நீராகாரத்தில் இன்னும் கொஞ்சம் கல் உப்பைப் போட்டுக் கலக்கி, மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தீர்கள். "வெறுந்தண்ணியா ஊத்தினா ஒடம்புல இருக்கற உப்பும் போயிரும் தாயி" என்றபோதுதான் உப்பளத்து அக்கா சொன்னது எனக்கு உறைத்தது. அவ்வளவு உப்பு சட்டைக்கு வந்துவிட்டால் உடம்பில் என்ன மிஞ்சும்? நாங்கள் அதை ஈடுகட்டவே இல்லை. கால் மணி நேரத்தில் சாவி பேச்சு நின்றது. தூக்கின் அடியில் இரண்டு சின்ன வெங்காயம் கிடந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அது உங்கள் மதியச் சாப்பாடு.

மீன் பெட்டி கட்டின டி.வி.எஸ். 50-ல் இவரைப் பின்னால் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோன தம்பிக்கும், அங்கே பிரஷர் பார்த்து, படுக்கவைத்து, பிறகு என்னைப் பிடித்துத் திட்டின நர்ஸம்மாவுக்கும் நன்றி. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்கணும், சீக்கிரம் தெம்பு வரட்டும் என்று அரை லிட்டரில் கரைக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னது மண்டையில் பதிந்துவிட்டது. இரண்டு நாள் அந்தப் பக்கமே ஓய்வெடுத்தோம்.

பாம்பன் பாலத்தில் எங்கள் பின்னாலேயே இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வந்த குட்டியானை டிரைவர் அண்ணே, பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தார்கள் என்று எங்களுக்கும் கேட்டது. காற்று வலது பக்கமிருந்து தள்ளத் தள்ள நாங்கள் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போனோம். கடலைப் பார்க்கவே இல்லை. திரும்பி வரும்போதுதான் பார்த்தோம்.

சாயல்குடிப் பக்கம் சீமைக் கருவேல முள் எங்களை விடவில்லை, ஒரே நாளில் நாலு பஞ்சர். சைக்கிள் கடைப் பெரியவர் டியூபை ஒட்டிக் கொடுத்ததோடு நிறுத்தாமல், ஒரு பழைய பனியன் துணியை டயருக்குள் விட்டு மெதுவாக ஒரு சுற்று இழுத்தார். துணி ஓரிடத்தில் மாட்டியது. கண்ணுக்கே தெரியாத முள் நுனி, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. நாங்கள் நாலு தடவை டியூபை மாற்றியும் அதே முள்தான் குத்திக்கொண்டிருந்திருக்கிறது! பின்சக்கரத்துக்குக் கோட்டமும் எடுத்துவிட்டு ஐம்பது ரூபாய்க்கு மேல் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

உடன்குடிப் பக்கம் ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றி, நுங்கும் போட்டுக் கொடுத்த அண்ணாச்சி, மூன்றாவது பட்டைக்குக் காசு வாங்காததை நாங்கள் கவனித்தோம்.

எல்லாம் இப்படியே நடந்ததா என்றால் இல்லை. ஒரு ஊரில், பெயர் வேண்டாம், லாட்ஜில் ரூம் இருந்தும் சைக்கிளை உள்ளே விட மாட்டேன், வெளியேயும் நிறுத்தக் கூடாது என்றார்கள். ராத்திரி எட்டு மணி. எதிரில் இருந்த கல்யாண மண்டபத்து வாட்ச்மேன் தாத்தா கேட்டைத் திறந்துவிட்டு, "இன்னிக்கு முகூர்த்தம் இல்ல, மணமக்கள் நீங்கதான்" என்றார். மேடையில் பாய் விரித்துப் படுத்தோம். தாத்தா, ஃபேனை நிறுத்தாமல் போய்விட்டோம், மன்னிக்கணும்.

அக்கா, கடைசியாக உங்களிடமே வருகிறேன். "வழியில வேணும், வச்சுக்க" என்று நீங்கள் கையில் திணித்த தூக்குவாளி கன்னியாகுமரி வரைக்கும் என் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டு வந்தது. தினமும் அதில்தான் மோர், உப்புப் போட்டு. இப்போது எங்கள் அடுப்படியில் இருக்கிறது. மூடியில் "மு.கா." என்று பேர் வெட்டியிருக்கிறது, உங்கள் பேரா, வீட்டுக்காரர் பேரா தெரியவில்லை. சோழகம் அடங்கினதும் கொண்டுவந்து தருகிறோம். இந்தத் தடவை பஸ்ஸில்.