தொட்டிக்கு எந்த ஃபில்டர் வாங்கலாம்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஃபில்டர் படங்களை எல்லாம் பார்த்தேன். எது நல்லது என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். பதிலையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: இரண்டடி மீன் தொட்டிக்கு, ஏர் பம்பில் ஓடுகிற ஸ்பான்ஜ் ஃபில்டர் போதும். ஆனால் காரணம் தெரியாமல் வாங்கினால், நாளைக்கு யாராவது வேறொன்றைப் புகழ்ந்ததும் உனக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுமையாகப் படிம்மா.

தண்ணீரில் மிதக்கிற தூசியைப் பிடிப்பதுதான் ஃபில்டரின் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். அது அதன் சின்ன வேலை. மீன் ஒவ்வொரு நிமிஷமும் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் மிஞ்சிய தீனி, கழிவு, அழுகிய இலை எல்லாம் அதோடு சேரும். ஆற்றிலும் குளத்திலும் அது பரந்த தண்ணீரில் கலந்து ஒன்றுமில்லாமல் போய்விடும். உன் தொட்டியில் அது போக வழியில்லை. அம்மோனியா கண்ணுக்கும் தெரியாது. தண்ணீர் தெளிவாக இருக்கும்போதே மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தண்ணீரின் சூடும் காரத்தன்மையும் ஏற ஏற, அதே அளவு அம்மோனியாவின் விஷம் கூடும். வெப்பமண்டல மீன்களுக்கு நாம் 24 முதல் 28 டிகிரி வரை வைக்கிறோம் என்பதால் இதில் கவனம் அதிகம் வேண்டும்.

இதைச் சரிசெய்வது பாக்டீரியா. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட்டும் விஷம்தான்: அது ஏறினால் மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்த இரண்டு வேலைகளையும் வெவ்வேறு நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன என்று நூறு வருஷத்துக்கு மேலாக நம்பியிருந்தார்கள். நைட்ரோஸ்பைரா என்ற பாக்டீரியா வகையில் சில, முழு வேலையையும் தாமே செய்துமுடிக்கும் என்பது 2015-இல்தான் தெரியவந்தது. அதைப் படித்த அன்று எனக்கு அத்தனை சந்தோஷம். இவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருந்த தொட்டிக்குள் இப்படி ஒன்று நடந்துகொண்டிருந்திருக்கிறதே!

இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதந்து வாழ்வதைவிட, ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டி வாழ்வதுதான் அதிகம். அதற்கு ஆக்சிஜனும் ஓயாமல் வேண்டும். ஆகவே எந்த ஃபில்டரைப் பார்த்தாலும் இரண்டே கேள்விகள் கேள். பாக்டீரியா ஒட்டிக்கொள்ள இதில் எவ்வளவு இடம் இருக்கிறது? அந்த இடத்தின் வழியாகக் காற்றோட்டமுள்ள தண்ணீர் இடைவிடாமல் போகிறதா? ஸ்பான்ஜ் முழுக்கத் துளைகள், ஒவ்வொரு துளையின் சுவரும் பாக்டீரியாவுக்கு இடம். நடுக்குழாயில் காற்றுக்குமிழிகள் ஏறும்போது தண்ணீரையும் மேலே இழுக்கும். அந்த இடத்தை நிரப்ப, சுற்றியுள்ள தண்ணீர் ஸ்பான்ஜுக்குள் நுழையும். குமிழிகள் மேல்மட்டத்தைக் கலக்குவதால் ஆக்சிஜனும் கரையும். தண்ணீருக்குள் மோட்டாரே கிடையாது. குட்டி மீனையோ இறாலையோ உறிஞ்சி இழுத்துவிடும் என்ற பயமும் இல்லை.

ஃபில்டர் பெட்டியில் மணிக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும் எண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். தொட்டித் தண்ணீர் முழுவதும் மணிக்கு நாலைந்து தடவை ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும் என்று ஒரு பொதுக்கணக்கு சொல்வார்கள். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம் என்றால் தொட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 65 லிட்டர்; மணலும் கல்லும் போக 55 லிட்டர் என்று வை. ஐந்து மடங்கு என்றால் மணிக்கு 275 லிட்டர். மோட்டார் ஃபில்டர்களின் பெட்டியில் பெரும்பாலும் உள்ளே ஒன்றும் நிரப்பாமல் அளந்த எண்தான் இருக்கும். ஸ்பான்ஜும் அழுக்கும் சேர்ந்தபிறகு அவ்வளவு வராது. அதற்காகப் பெரிய எண்ணாகத் தேடி வாங்கவும் வேண்டாம். நீ வளர்க்க ஆசைப்படுகிற ஃபைட்டர் மீன், ஓட்டம் குறைந்த ஆழமற்ற நீரில் வாழ்கிற இனம். நீண்ட துடுப்பை வைத்துக்கொண்டு வேகமான நீரோட்டத்தில் அது நீந்தித் தவிக்கும், களைத்து மூலையில் ஒதுங்கிவிடும். மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன் என்பதால் அதற்கு ஃபில்டரே வேண்டாம் என்றும் சிலர் சொல்வார்கள். கேட்காதே. காற்றைச் சுவாசிப்பதால் ஆக்சிஜன் குறைவைத் தாங்கும், அம்மோனியாவை அது எப்படித் தாங்கும்? நியான் டெட்ரா என்ற சின்ன மீனுக்கும் மெதுவான ஓட்டம்தான் பிடிக்கும்.

தொட்டியின் பின்பக்கம் மாட்டுகிற ஃபில்டர் மோசம் என்று நான் சொல்லவில்லை. பார்க்கச் சுத்தமாக இருக்கும், தூசியை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதோடு கார்ட்ரிட்ஜ் என்கிற ஒரு வடிகட்டி அட்டை வரும், மாதம் ஒருமுறை அதை எறிந்துவிட்டுப் புதிது போடச் சொல்வார்கள். இதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாக்டீரியாவில் பெரும்பங்கு ஒட்டியிருப்பதே அந்த அட்டையில்தான், அதைக் குப்பையில் போட்டுவிட்டு மீன் ஏன் வாடுகிறது என்று தேடுவதில் என்ன நியாயம்? அந்த வகையைத்தான் வாங்குவேன் என்றால், அட்டையை எடுத்துவிட்டு ஒரு ஸ்பான்ஜ் துண்டை வெட்டி வைத்துக்கொள். தொட்டிக்கு வெளியே வைத்துக் குழாயால் இணைக்கிற கேனிஸ்டர் ஃபில்டரும் நல்ல பொருள்தான். நாலடித் தொட்டியில் ஆஸ்கர் மாதிரி பெரிய மீன் வளர்ப்பவர்களுக்கு அது வேண்டும், உனக்கு வேண்டாம். மூடிய டப்பா என்பதால் பல மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் கெட்டுப்போகும். கரண்ட் வந்ததும் அந்தத் தண்ணீர் தொட்டிக்குள் போகாதபடி, முதலில் திறந்து கொட்ட வேண்டும். ஸ்பான்ஜ் தொட்டிக்குள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஃபில்டருக்குள் போடுகிற கார்பன் என்ற கரியைப் பற்றிப் பெரிதாக யோசிக்காதே; மருந்து போட்டபிறகு அதைத் தண்ணீரிலிருந்து நீக்க உதவும், தினசரிக்குத் தேவையில்லை.

வாங்கும்போது, தொட்டி அளவுக்குச் சொன்னதைவிட ஒரு அளவு பெரிய ஸ்பான்ஜாக எடு. இரண்டு ஸ்பான்ஜ் உள்ளது கிடைத்தால் ரொம்ப நல்லது, ஒன்றைக் கழுவும்போது இன்னொன்று அப்படியே இருக்கும். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வை. முடியாவிட்டால் டியூபில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு ஒன்றைக் கட்டாயம் போடு. இல்லாவிட்டால் கரண்ட் நிற்கும்போது தண்ணீர் டியூப் வழியாகவே இறங்கிப் பம்புக்குள் போகலாம். படுக்கையறையில் வைக்கப்போவதாகச் சொன்னாய், பம்பின் சத்தம் உன் தூக்கத்தைக் கெடுக்கும் என்ற கவலை எனக்கு இருக்கிறது. பம்பை மடித்த துணியின் மேல் வை, ஃபில்டர் குழாய்க்குள், காற்றைப் பொடிக்குமிழிகளாகப் பிரிக்கிற ஏர் ஸ்டோன் ஒன்றைப் போடு. குமிழி சிறிதாகி சத்தம் நன்றாகக் குறையும். ஹீட்டரை ஃபில்டர் பக்கத்தில் வைத்தால் சூடு எல்லா இடத்துக்கும் பரவும். ராத்திரி பம்பை மட்டும் நிறுத்திவிடாதே.

கழுவுவது சுலபம். தண்ணீர் மாற்றும்போது எடுத்த பழைய தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் வைத்து, அதில் ஸ்பான்ஜை நாலு தடவை பிழிந்தால் போதும். குழாய்த் தண்ணீரில் கழுவாதே, அதில் குளோரின் இருந்தால் பாக்டீரியா செத்துவிடும். பழுப்பு நிறம் முழுக்கப் போகவில்லையே என்று திரும்பத் திரும்பத் தேய்க்காதே.

அப்புறம், தொட்டியும் ஃபில்டரும் வந்த அன்றே மீன் வாங்க ஓடாதே கண்ணு. பாக்டீரியா பெருகப் பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வா, அது அழுகி வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்கு உணவு. தெரிந்தவர் யாராவது நோயில்லாத பழைய தொட்டி வைத்திருந்தால், அவர்கள் ஸ்பான்ஜைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரைக் கேட்டு வாங்கி உன் தொட்டியில் ஊற்று, காத்திருப்பது குறையும். சோதனைக் கிட் ஒன்று வாங்கிக்கொள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து, நைட்ரேட் தெரிய ஆரம்பித்தால் தொட்டி தயார். அதுவும் முதலில் கொஞ்சம் மீன்தான்.

ஒற்றை ஃபைட்டரா, டெட்ராக் கூட்டமா என்று நீ இன்னும் முடிவு செய்யவில்லை போலிருக்கிறது. எதுவானாலும் ஸ்பான்ஜ்தான், கூட்டம் என்றால் இரண்டு ஸ்பான்ஜ் உள்ளதையே எடு. முடிவு செய்ததும் எழுது. ஹீட்டர் எத்தனை வாட் என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா