சுவரோரத்து மண்ணை முதலில் எடுங்கள்: சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் அடுக்குமாடிக் குடியிருப்பின் வெளிச்சுவர் முழுவதற்கும் மறுபடி பெயிண்ட் அடிக்கவும் முன்புறத் தோட்டத்தைச் சீரமைக்கவும் நீங்கள் போட்டிருக்கும் தீர்மானத்தைப் படித்தோம். வீடுகளின் விற்பனை மதிப்பைக் கூட்டுவதே நோக்கம் என்கிறீர்கள். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் போன முறை அடித்த பெயிண்ட் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்கவில்லை. அது ஏன் உரிந்தது என்று ஒருவர்கூடக் கேட்காமல் அடுத்த டெண்டருக்குப் போவதைத்தான் ஏற்க முடியவில்லை.

எங்கள் கோரிக்கை இதுதான்: சுவரோரம் கொட்டிய மண்ணை எடுங்கள். சுவர் காயட்டும். அதன்பிறகு பெயிண்ட் அடியுங்கள்.

கிழக்குப் பக்கத் தரைத்தள வீடுகளின் வெளிச்சுவரைத் தயவுசெய்து குனிந்து பாருங்கள். முழங்கால் உயரம் வரை பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. நகத்தால் கீறினால் ஏடாகப் பிரிந்து வருகிறது. அடியில் வெள்ளைப் பொடி. அது பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கப் பூசும் பட்டியும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, உப்பு. மண்ணிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பு நீரில் கரைந்து சுவருக்குள் ஏறுகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி, மேலே இருக்கும் பெயிண்டை நெட்டித் தள்ளுகிறது. எந்தக் கம்பெனி பெயிண்டை அடித்தாலும் இதுதான் நடக்கும்.

அந்தச் சுவரின் மறுபக்கம் படுக்கையறை. கட்டிலைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டுத்தான் அங்கே படுக்கிறார்கள். அலமாரியின் பின்பலகை முழுக்கப் பூஞ்சணம். பிள்ளைகளின் புத்தகங்களைக் கீழ்த்தட்டில் வைக்க முடியவில்லை. நனைந்தது போல் ஊறி, ஓரம் சுருண்டு போகின்றன. வெளியே பாத்திக்குத் தண்ணீர் விட்ட அன்றெல்லாம் உள்ளே அறையில் வாடை எழுகிறது. இதைப் பல முறை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. "பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும்" என்ற பதிலைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

காரணம் கண்ணெதிரே இருக்கிறது. தரையிலிருந்து வரும் ஈரம் மேலே ஏறாமல் தடுக்க, டி.பி.சி. என்று கொத்தனார்கள் சொல்லும் ஓதத்தடுப்பு அடுக்கைச் சுவரின் அடியில் போட்டிருப்பார்கள். வெளித்தரை அதற்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். போன முறை அலங்காரப் பாத்தி என்று சொல்லி, சுவரை ஒட்டி ஓரடிக்கு மண்ணைக் கொட்டினார்கள். தடுப்பு அடுக்கு மண்ணுக்குள் போய்விட்டது. தினமும் விடும் தண்ணீர் அதற்கு மேலே உள்ள செங்கல்லில் நேராக இறங்குகிறது. தோட்டம்தான் சுவரைக் கெடுக்கிறது. கெட்ட சுவரைப் பெயிண்டால் மூடுகிறோம்.

ஆகவே மண்ணை அந்த அடுக்குக்கு 15 செ.மீ. கீழே வரும்வரை அள்ளி எடுங்கள். முதல் 3 மீட்டர் தூரத்தில் தரை 15 செ.மீ. இறங்கும்படி வாட்டம் கொடுங்கள். மழைத்தண்ணீர் சுவரை விட்டு ஓட அது போதும். புதர்ச்செடியை, முழுதாக வளர்ந்தால் எவ்வளவு படருமோ அதில் பாதியோடு ஓரடி கூட்டி, அவ்வளவு தள்ளி நடச் சொல்லுங்கள். காற்றுப் போக இடம் இருந்தால்தான் சுவர் காயும். பிறகு பெயிண்ட் அடிப்பவரும் செடியை மிதிக்காமல் நிற்க முடியும். தெளிப்பானின் தண்ணீர் சுவரில் படவே கூடாது.

உப்பு ஏறிய சிமெண்ட் பூச்சைச் சுரண்டினால் மட்டும் போதாது. ஈரக்கறை தெரியும் உயரத்துக்கு மேலும் ஓரடி வரை கொத்தி எடுக்க வேண்டும். வெளியே வரும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து மறுபடி சுவருக்குள்தான் போகும். போன முறை பிரஷர் பம்ப் வைத்துத் தண்ணீர் அடித்தது எவ்வளவு பெரிய தவறு என்பது இப்போது புரியும்.

அடுத்தது காயும் காலம். ஈரமேறிய சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் காயும் என்பது தொழிலில் உள்ள தோராயக் கணக்கு. நம்முடையது ஒன்பது அங்குலச் சுவர், ஆக ஒன்பது மாதம். டெண்டரிலோ பத்து நாளில் வேலை முடிய வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள். மேல்தளங்களுக்கு இப்போதே அடிக்கலாம், அதில் தடையில்லை. அடிப்பகுதிக்கு மட்டும் அதுவரை சுண்ணாம்புப் பூச்சு போதும். ஈரத்தை அது வெளியே விடும். ஈரச்சுவரின் மேல் வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்து அடைத்தால், ஈரம் வேறு வழி தேடி இன்னும் மேலே ஏறும்.

காய்ந்ததா என்று பார்க்கக் கருவிகூட வேண்டியதில்லை. ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. புதிதாகப் பூசிய இடத்தில் 28 நாள் ஆகாமல், பெயிண்டுக்கு முன் அடிக்கும் பிரைமரையே தொடக் கூடாது.

டெண்டரில் இன்னும் சில குறைகள். வெளிச்சுவருக்கு என்ன பட்டி என்றே குறிப்பிடவில்லை. உள்சுவருக்கான அக்ரிலிக் பட்டியை வெளியே பார்த்தால் மழையில் ஊறி இளகிவிடும். வெள்ளை சிமெண்ட் பட்டி என்று எழுதுங்கள். பழைய பெயிண்டின் மேல் உள்ளங்கையைத் தேயுங்கள்; மாவு போல ஒட்டினால் அதைத் தேய்த்து எடுத்துப் பிரைமர் கொடுக்காமல் மேலே அடிப்பது வீண். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், குழந்தைகள் விளையாடும் இடம் இது, உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வெயில் சுடும் சுவரில் அடித்தால் பெயிண்ட் பிடிப்பதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாகத் தெரியும். நிழல் போகும் பக்கமாகவே சாரமும் போக வேண்டும்.

மரங்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெயர்ப்பலகை தெரிய வேண்டும் என்பதற்காக முன்வாசல் மரத்தின் உச்சியை மொட்டையடித்தீர்கள். வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் பிடிப்பில்லாதவை, காற்றில் முறிந்து விழும். ஓர் ஆண்டில் கால்பங்குக்கு மேல் கிளையை எடுக்கக் கூடாது என்பது கவாத்தின் அரிச்சுவடி. அடித்தண்டுக்கு எனாமல் பெயிண்ட் வேறு அடித்திருக்கிறார்கள். மரம் பட்டையில் உள்ள நுண்துளைகள் வழியாகவும் காற்றை வாங்குகிறது; எனாமல் அவற்றை அடைக்கிறது. புதுச்செடிகள் மஞ்சளடித்து நிற்பதற்கும் காரணம் உரக்குறைவு அல்ல. பாத்திக்கு அடியில் புதைத்த சிமெண்ட் இடிசலால் மண் காரமாகி, வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியவில்லை. செடியைப் பிடுங்கி வேறு செடி வைத்தாலும் அதுவும் மஞ்சளடிக்கும். பெயிண்டை ஒரே வாரத்தில் வாங்கிவிடலாம். முன்வாசல் மரத்தின் நிழலை அப்படி வாங்க முடியாது. வீடு பார்க்க வருபவர் வண்டியை நிறுத்தியதும் முதலில் நிற்பது அந்த நிழலில்தான்.

அவருடன் வரும் இன்ஜினியர் சுவரின் அடியைத்தான் பார்ப்பார். அடியில் ஈரமும் அதன்மேல் பளபளவென்று புதுப் பெயிண்டும் இருந்தால், எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். விலை அங்கேயே இறங்கிவிடும். நிறம் மங்கியிருந்தாலும் உலர்ந்து நிற்கும் சுவர் விலையைக் காப்பாற்றும்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சம்பளம் வாங்காமல் சங்க வேலை பார்ப்பவர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தின் வரிசையை மட்டும் மாற்றும்படி பணிவுடன் கேட்கிறோம்: முதலில் மண், பிறகு சுவர், கடைசியில் பெயிண்ட். வரும் ஞாயிறு காலை கிழக்குச் சுவருக்கு வாருங்கள். மண்வெட்டி நாங்கள் கொண்டு வருகிறோம். ஓரடி தோண்டினால் அந்தத் தடுப்பு அடுக்கு எங்கே புதைந்திருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம்.

இப்படிக்கு,
பெயிண்டிங் வேலையும் தோட்ட வேலையும் தெரிந்த குடியிருப்போர் சிலர்